கிணற்றின்மேல் வைத்த இரண்டு பெட்டிகள்

இல்லை பாய், பதினாலு இல்லை, பதினாறு. ஊரெல்லாம் நீங்கள் பதினாலு என்று சொல்லி வைத்திருக்கலாம். போன இடத்திலும் யாரையாவது உட்காரவைத்து அதே கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் அளந்தவன் நான், அளவை வாசித்தவனும் நான். நீங்கள் கம்ப்யூட்டரில் தட்டினவர், அவ்வளவுதான். இரண்டே விரலால் தட்டுகிறவருக்கு எழுத்தைத் தேடவே நேரம் போதாது. எத்தனை தட்டினோம் என்று எங்கே தெரியப்போகிறது?

இந்நேரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருப்பீர்கள். “சிறுவாச்சூர்ல வந்து நின்னு சொல்லுவியாய்யா?” என்று கேட்டிருப்பீர்கள். நான் புளுகுவதாகப் பட்டால் அதுதான் உங்கள் கேள்வி. ஐந்து வேளையும் தொழுகிற மனிதர், என்னை மடக்க சிறுவாச்சூரில் இருக்கிற என் சாமியையே சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள். நானும் விடமாட்டேன். திங்களும் வெள்ளியும் கூட்டமாக இருக்கும், மற்ற நாளில் கோயில் திறக்கமாட்டார்கள், எப்போது வரச் சொல்கிறீர்கள் என்று நழுவுவேன். நூறு தடவை கேட்டிருப்பீர்கள் பாய். கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு நாளில் மட்டும் கேட்கவில்லை.

நேற்று உங்கள் மகன் பெரம்பலூர் வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த உங்கள் கடையைக் காலி செய்துவிட்டார்களாம். ஒரு மஞ்சள் பையை என் கையில் கொடுத்து, “உங்க கிறுக்கல்தான் நெறைய இருக்காம், தூக்கிப்போட எங்க உம்மாவுக்கு மனசு வரல” என்றான். பையில் வால் அறுந்த மவுஸ் ஒன்று, கீறல் விழுந்த சி.டி. இரண்டு, நாலாக மடித்த கிராஃப் தாள் ஒன்று. தாளை விரித்தேன். உங்கள் மணிக்கட்டில் தடவுவீர்களே அந்த அத்தர், அதன் வாடை அப்படியே கிளம்பியது. எனக்குத் தும்மல் வந்தது. நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே வருமே, அதே இரண்டு தும்மல். மூன்றாவதாக வந்தது தும்மல் இல்லை.

நம் பழக்கமே ஒரு அளவில் ஆரம்பித்ததுதான். தொண்ணூற்றாறில் உங்கள் அத்தா காலமான பிறகு, லெப்பைக்குடிக்காட்டில் உங்கள் மனையைப் பாகம் பிரிக்க சர்வேயர் வந்தார். அவர் பின்னாலேயே அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு சர்வே ஆபீசில் கிடைத்த வேலை அது, சங்கிலி பிடிப்பது. அன்றைக்கு நீங்கள் வைத்த ‘சங்கிலி’ என்ற பேர்தான் எனக்குக் கடைசிவரை. நீங்களும் தம்பியும் அரபு நாட்டிலிருந்து லீவில் வந்திருந்தீர்கள். வாசலில் ஒல்லியாகவும் பின்னால் பெருத்தும் நடுவில் இடுப்பை ஒடித்தாற்போலவும் கிடந்தது மனை. இது மனையா, பிரியாணிக்கு வாங்கிய ஆட்டுத் தொடையா என்று கேட்டேன். சர்வேயர் முறைத்தார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

மனையில் இருந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து, சந்தின் முடிவில் கிணறு. அதை யார் பக்கம் சேர்ப்பது என்று சர்வேயர் கேட்டபோது தம்பிதான் முந்திக்கொண்டார். “அது பொதுவாவே இருக்கட்டுங்க. தண்ணி எடுக்க வரப்பவாச்சும் நானும் அண்ணனும் மூஞ்சி பாத்துக்குவோம்.” பத்திரத்திலும் அப்படியே எழுதினார்கள். நான் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, பாய் உங்க தம்பி பத்திரத்துல பாட்டெல்லாம் எழுதறாரு என்றேன். அப்போதும் சிரிப்புதான்.

அதற்கப்புறம் ஏழெட்டு வருசம் கழித்து நீங்கள் ஒரேயடியாகத் திரும்பி வந்து பிரவுசிங் சென்டர் வைத்தீர்கள். நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் யாரும் சீண்டாமல், உங்கள் கடை ஃபேன் காற்றுக்கு வந்து உட்கார ஆரம்பித்தேன். அறுபதை ஒட்டிய இரண்டு கிழவர்கள், சுற்றிலும் பிளைவுட் தடுப்புக்குள் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளைகள். உங்கள் உம்மா காலமான வருசம் அது. உம்மா இறந்தது காலையில், அடக்கம் அன்றே, சாயங்காலம் அஸர் தொழுகைக்குள். தம்பி ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தது மறுநாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, காலியான கட்டிலைப் பார்த்தபடி நின்றார். ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை என்று உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நீங்கள்தான் உங்களையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள், சாகிறவரைக்கும்.

ஊருக்கு ஒரு இணையப் பக்கம் செய்யவேண்டும் என்று நீங்கள் கிளம்பியது அதன் பிறகுதான். தண்ணீர் டேங்க் மேலே ஏறி, கல்யாண போட்டோ எடுக்கிறவரை வைத்துத் தெருவைப் படம் பிடித்தீர்கள். வீட்டின்மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோனால் அந்த வீடு மட்டும் மஞ்சளாக வேண்டும், தட்டினால் அந்த வீட்டுச் சேதி திறக்கவேண்டும். வீட்டைச் சுற்றி மூலைமூலையாகப் புள்ளி குத்திக்கொண்டு போகிற பழைய வழி ஒன்று இருந்தது. அதில் வேலை சுலபம், ஆனால் வீடு மஞ்சளாகாது. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. “அங்க ஷார்ஜாவுல ஒரு ரூம்ல பத்துப் பேரு படுத்திருப்பானுங்க. ஒருத்தன் அம்ப வச்சா அவன் வூடு மட்டும் பளிச்சுனு தெரியணும்யா. ‘ஏ, இதான் என் வூடு’ன்னு அவன் மத்தவனுக்குக் காட்டணும்.”

அப்படி மஞ்சளாக்க, இணையப் பக்கத்துக்கு அலங்காரம் எழுதுகிற சி.எஸ்.எஸ்.ஸில்தான் முடியும் என்றீர்கள். அதற்கு ஒரு குணம். அது போடுவதெல்லாம் சதுரப் பெட்டி. நம் தெருவில் ஒரு வீடாவது சதுரமாக இருந்ததா? ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி என்று நீங்கள் முதலில் போட்டபோது பக்கத்து வீட்டுக் கொல்லை, தெரு விளக்குக் கம்பம், நின்றுகொண்டிருந்த மாடு எல்லாம் சேர்ந்து மஞ்சளானது. உங்க ஊர்ல மாட்டுக்கும் விசா குடுத்துட்டீங்களா பாய் என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நான்தான் வழி சொன்னேன். இதுவரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, இனி சொல்ல வெட்கமாக இருப்பது. எறையூர்க் கரும்புக்காட்டில் வளைந்து நெளிந்து கிடக்கிற வரப்பை நாங்கள் எப்படி அளப்போம்? நடுவில் நேராக ஒரு கோடு. கோட்டில் பத்தடிக்கு ஒரு தரம் நின்று, வலது பக்கம் வரப்பு எவ்வளவு தூரம், இடது பக்கம் எவ்வளவு தூரம். வளைவு தானாக வந்துவிடும். அதே மாதிரி படத்தை கிராஃப் தாளில் எடுத்து, வீட்டு நடுவில் கோடு போட்டு, பட்டை பட்டையாக அறுங்கள், ஒவ்வொரு பட்டையும் ஒரு பெட்டி, எல்லாப் பெட்டியையும் ஒரே லிங்குக்குள் போடுங்கள் என்றேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினீர்கள். “யோவ், நீ ஆறாங்கிளாஸ்தானா? சிறுவாச்சூர்ல நின்னு சொல்லு.”

அதிலிருந்து நமக்கு அதுதான் வேலை. இடது ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி, அகலம், உயரம். பெட்டிக்கு நாலு நம்பர். ஸ்கேல் வைத்து அளந்து நான் சொல்வேன், நீங்கள் தட்டுவீர்கள். லெஃப்ட், டாப், விட்த், ஹைட் என்று எனக்கு வந்த இங்கிலீஷ் அந்த நாலு வார்த்தைதான். ஒருநாள் எல்லாம் சரியாக இருந்தும் அம்பு பெட்டிக்குள் போனால் ஒன்றும் ஆகவில்லை. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தீர்கள். உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியை, பக்கத்தைத் திறந்து காட்டுகிற பிரவுசர் கண்டுகொள்வதில்லையாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தையாவது உள்ளே நிரப்பினால்தான் அங்கே பெட்டி இருப்பதாகவே நினைக்கும். “காலிப் பெட்டிய ஆளாவே மதிக்க மாட்டேங்குதுய்யா.” எங்க வூட்டுலயும் அப்படித்தான் பாய், பென்சன் வர அன்னிக்கு மட்டும் மதிப்பாங்க என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் தடுப்புக்குள் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

தெரு முழுக்க முடித்துவிட்டு உங்கள் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டீர்கள். ஊரார் வீடெல்லாம் முதலில், பிறகு தம்பி வீடு, பிறகு சந்தும் கிணறும் தனி லிங்காக, ‘பொதுக்கிணறு’ என்று பேர் போட்டு. கடைசியில் உங்களுடையது. அது உங்கள் மரியாதை. ஆனால் அந்த சி.எஸ்.எஸ்.ஸுக்கு மரியாதை தெரியாது. கடைசியாக எழுதினதுதான் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்காரும். இரண்டு பெட்டி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மேலே இருப்பதுதான் அம்பை வாங்கிக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

தம்பி அப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். என் வீடு ஏறிவிட்டதா, என் வீடு ஏறிவிட்டதா என்று இதே கேள்வி. போனை என்னிடம் கொடுப்பீர்கள். என்ன சங்கிலிண்ணே, அளந்ததுல என் வூட்டச் சுருக்கிடாதீங்க என்பார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. இவரை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை லபோ திபோ என்று கத்துவார், நீங்களும் நானும் ஒரு வாரம் சிரிப்போம், பிறகு எடுத்துவிடலாம். அவ்வளவுதான் பாய் என் மனசில் இருந்தது.

உங்கள் வீட்டுக்குப் பதினாலு பெட்டி என்று இருவரும் சேர்ந்து எண்ணியிருந்தோம். நான் வாசிக்க உட்கார்ந்தேன். “நம்பரச் சொல்லுய்யா” என்று குனிந்துகொண்டீர்கள். ஒன்று முதல் பதினாலு வரை ஒழுங்காகச் சொன்னேன். மூச்சு விடாமல் இன்னும் எட்டு நம்பர் சொன்னேன். பதினைந்தாவது பெட்டி அந்தச் சந்தின்மேல் விழுந்து மூடியது. பதினாறாவது கிணற்றை மூடியது. நீங்கள் தட்டினீர்கள். நிமிர்ந்து அம்பை உங்கள் வீட்டின்மேல் கொண்டுபோனீர்கள். மஞ்சளானது. கிணற்றுப் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கவில்லை. அது முந்தின நாளே சரியாக இருந்ததே, ஏன் பார்க்கவேண்டும்? அஸருக்கு பாங்கு சொன்னார்கள். இணையத்தில் ஏற்றிவிட்டுத் தொழப் போய்விட்டீர்கள். நான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. நீங்கள் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்தது. வேலை அதிகமாக இருக்கும் என்றீர்கள். மூன்றாம் வாரம் சொல்லவில்லை. அப்போதே வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிசத்தில் தீர்ந்திருக்கும். நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை.

லீவில் வந்த தம்பி உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து சந்துக்கு நடுவே கிணற்று விளிம்புவரை சுவர் வைத்தார். சேதி கேட்டு நான் பஸ் பிடித்து ஓடினேன். என்ன தம்பி இது என்று கேட்டதற்கு அவர் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. “ரூம்ல பதினோரு பேர நிக்க வச்சு, இதாண்டா எங்க கெணறுன்னு அம்ப வச்சேன். அவரு வூடு மஞ்சளாச்சு. மறுபடி வச்சேன், மறுபடியும் அவரு வூடு. ‘கெணறும் போச்சா’ன்னு ஒருத்தன் கேட்டான். உலகத்துக்கே போட்டுக் காட்டிட்டாருல்ல. கேட்டா ஊர்ல சண்டைன்னு ஆயிடும். அதான் கேக்கல. என் பாதிய எடுத்துக்கறேன்.”

சுற்றிக் கொத்தனார், சித்தாள், தெருப் பிள்ளைகள். நான் சாந்துச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, சுவர் கொஞ்சம் கோணலாக வருகிறது, நூல் பிடித்துப் பாருங்கள் என்று கொத்தனாரிடம் சொன்னேன். அதைத்தான் சொன்னேன் பாய். நூலையும் நானே பிடித்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்தேன், உங்களிடமாவது சொல்லிவிடலாம் என்று. நீங்கள் முந்திக்கொண்டீர்கள். “உம்மாவ அவன் வரதுக்குள்ள அடக்கிட்டேன்ல. அத மனசுல வச்சிருந்திருக்கான்யா. ஒரு நாள் காத்திருக்கலாம். மார்க்கத்துல சீக்கிரம் அடக்கச் சொல்லியிருக்கு, ஆனா ஒரு நாள் காத்திருந்தா என்னா ஆயிருக்கும்?” இல்லை பாய், காரணம் அது இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்கூட உக்காந்தாத்தான் கொஞ்சம் சிரிப்பு வருது, ஏதாச்சும் சொல்லுய்யா என்றீர்கள். நான் ஏதோ சொன்னேன். கீழப்பழுவூர்க் கோயில் நிலத்தை அளக்கப் போய் சர்வேயரை மாடு துரத்திய கதை என்று நினைக்கிறேன். சிரித்தீர்கள். அதன் பிறகு எந்த நாளும் அதைச் சொல்ல ஏற்ற நாளாக எனக்குத் தெரியவில்லை.

இணையப் பக்கத்தை நீங்கள் அப்புறம் திறக்கவே இல்லை. பணம் கட்டின வருசக் கெடு முடிந்ததும் அது தானாக அழிந்துபோனது. மிச்சம் இருந்தது இந்த கிராஃப் தாள் ஒன்றுதான். அதில் பதினாலு பெட்டி பென்சிலில் நம்பரோடு இருக்கிறது. ஓரமாக, நம்பர் போடாமல், என் கையால் இரண்டு.

உங்கள் ஜனாஸாவுக்கும் தம்பி வந்துசேர முடியவில்லை. மதியம் போனீர்கள், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுவதற்கு முன்னால் அடக்கம். மறுநாள் வந்தவர் அதே வாசலில் பெட்டியை வைத்துவிட்டு நின்றார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா இன்றைக்கு. அது முடிந்து அவர் நாளைக்கு ஷார்ஜா கிளம்புகிறார் என்று உங்கள் மகன் நேற்றே சொல்லியிருந்தான். அதனால் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன்.

சந்து முனையில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார், அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. தலை பாதி நரைத்துவிட்டது பாய், பின்னாலிருந்து பார்த்தால் நீங்கள்தான். எனக்கும் டீ சொன்னார். நான் தாளை முழங்காலில் விரித்தேன். ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கவேண்டும், நான்தான் செய்தேன் என்று. பயத்தில் எனக்கு அது வரவில்லை. அளவு வாசிக்கத்தான் வந்தது. தம்பி, இது படத்தில் உங்கள் அண்ணன் வீடு, ஒன்றாவது பெட்டி வாசல், இரண்டாவது நடை என்று ஆரம்பித்தேன். இன்னிக்கு வேணாமேண்ணே என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆறு, ஏழு. ஏழாவது பெட்டி ஆட்டுக் கொட்டகை. அதற்கு விசா இல்லை, அதனால் ஓரமாக வைத்தோம் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கே.

அவர் கோபப்படவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். “மௌத்தான வூட்டுல கூட உங்களுக்கு வெளையாட்டுதானாண்ணே? அவருக்குச் சிரிப்புக் காட்டுன மாதிரி எனக்கும் காட்ட வந்தீங்களா? எனக்கு வரலண்ணே.”

இல்லை தம்பி, இது அது இல்லை என்று வேகமாக எண்ணினேன். பத்து, பதினொன்று. அவர் எழுந்துவிட்டார். தோளில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு, பதின்மூன்று. சுவருக்கு அந்தப் பக்கம், தன் பாதிச் சந்துக்குள் திரும்பினார்.

“பதினாலு முடிஞ்சுதுங்க தம்பி. இன்னும் ரெண்டு இருக்கு, அந்த ரெண்டும்” என்றேன்.

கிணற்றில் வாளி விழுகிற சத்தம்தான் கேட்டது.